கைக்கடிகாரமும் வாழைக்காயும்



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் மகனின் துணையுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். எழுபத்து நான்கு வயதிலும் நிமிர்ந்து நடப்பவர். அன்று மகனின் தோளைப் பற்றிக்கொண்டு படியேறினார். அமர்ந்ததும் தம் இடக்கையிலிருந்த கருநிறக் கடிகாரத்தைக் கழற்றி நம் மேசைமீது வைத்தார். "சாமி, இதை நம்பித்தான் மூன்று வாரம் மாத்திரையை நிறுத்தினேன்" என்றார்.

நடந்தது இதுதான். கோவையில் வேலைக்குச் சேர்ந்த பேரன், முதல் மாதச் சம்பளத்தில் தாத்தாவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கி அனுப்பினான். பெட்டியின்மீது அச்சிட்டிருந்த விலை 6,999 ரூபாய். அவன் கொடுத்ததோ 1,799 ரூபாய். மணியைக் காட்டுவதோடு நடந்த அடிகள், நாடித்துடிப்பு, உறக்கம், இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகிய அனைத்தையும் அது காட்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. நாள்தோறும் காலையில் அது 118/78 என்றும் 121/79 என்றும் காட்டவே, "நோய் நீங்கிற்று; இனி மாத்திரை எதற்கு?" என்று ஆசிரியர் தாமாகவே முடிவு செய்துகொண்டார். மூன்றாம் வார இறுதியில் தலைசுற்றி முற்றத்தில் விழுந்தார். மருத்துவர் கைப்பட்டையைச் சுற்றி அளந்தபோது அழுத்தம் 178/104. அந்நேரத்திலும் மணிக்கட்டிலிருந்த கடிகாரம் 119/78 என்றே காட்டிக்கொண்டிருந்ததாம்.

இறையருளால் பெருங்கேடு ஏதும் நேரவில்லை. ஆயினும் ஆசிரியரின் மகன் நம்மிடம் கேட்ட கேள்வி நியாயமானது. "ஃபாதர், எனக்கும் நடைப்பயிற்சிக்கு ஒரு கடிகாரம் தேவைப்படுகிறது. கல்லூரியில் ஓட்டப் பந்தயத்தில் கலந்துகொள்ளும் என் மகளும் ஒன்று கேட்கிறாள். அதிகப் பணம் செலவிட முடியாது. எதை நம்பி வாங்குவது?" இக்கேள்வி அவர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் குடும்பங்கள் பலவற்றில் பிறந்தநாளுக்கும் தேர்வில் வெற்றி பெற்றமைக்கும் இக்கடிகாரமே இன்று பரிசாகிறது. ஆதலின் இம்மாதம் இதனைக் குறித்தே நாம் சிந்திப்போம்.

நாம் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய ஆண்டில் நம் தந்தையார் வாங்கித் தந்தது ஓர் எச்.எம்.டி. கடிகாரம். ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற தொழிற்சாலையின் வழிவந்தது அது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். அதற்குத் தெரிந்தது மணி காட்டும் ஒரே தொழில். அத்தொழிலில் அது பிழை செய்தால், கோவில் மணியோசையோ வானொலிச் செய்தியோ அப்பிழையை உடனே காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய கடிகாரம் பத்துத் தொழில் செய்கிறது. ஆனால் அவற்றில் எது சரி, எது பிழை என்று காட்டிக் கொடுக்க நம் வீட்டில் வேறு மணியோசை இல்லை. இடர் முழுவதும் இங்கேதான் தொடங்குகின்றது. எந்த எண்ணை வேறொரு வழியில் நம்மால் சரிபார்த்துக்கொள்ள முடிகிறதோ, அந்த எண்ணுக்காகக் கடிகாரம் வாங்கலாம். சரிபார்க்க இயலாத எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. நாம் கூற விழைவது இவ்வளவே. இதைச் சற்று விரித்துரைப்போம்.

அன்று மாலை, ஆசிரியரின் கடிகாரத்தை நாம் சோதித்துப் பார்த்தோம். சமையலறையிலிருந்து ஒரு வாழைக்காயைக் கொண்டுவரச் செய்து, அதன் நடுவில் கடிகாரத்தைக் கட்டி, இரத்த அழுத்தம் காட்டும் பொத்தானை அழுத்தினோம். அரை நிமிடம் பச்சை விளக்கு மினுக்கிற்று. பின்னர் 117/76 என்று எண் தோன்றிற்று. வாழைக்காயின் இரத்தச் சர்க்கரை 104! உபதேசியார் வாய்விட்டுச் சிரித்தார். ஆசிரியர் சிரிக்கவில்லை. "மூன்று வாரம் என் உயிரை வாழைக்காயின் கணக்கில் வைத்திருந்தேனே" என்று மெல்லக் கூறினார்.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? கடிகாரத்தின் அடிப்புறத்தில் சிறு விளக்குகளும், ஒளியை உணரும் ஒரு கண்ணும் உள்ளன. இரத்தம் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சும் தன்மையுடையது. இதயம் துடிக்குந்தோறும் தோலடியில் இரத்தம் சற்றுப் பெருகுவதால், திரும்பி வரும் ஒளி சற்றே குறையும். அக்குறைவுகளை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைக்கும். இவ்வளவே அதன் கலை. ஒழுங்கான அலையைத் தேடிக் கணக்கிடும்படி அமைக்கப்பெற்றதால், உயிரற்ற பொருளின்மேல் கட்டினால் நல்ல கடிகாரமும் சிற்சில வேளைகளில் ஏதோ ஒரு நாடியைக் காட்டுவதுண்டு. ஆகவே அதைக் கொண்டு மட்டும் ஒரு கடிகாரத்தைப் பழிப்பது முறையன்று. ஆனால் வெறும் ஒளியைக் கொண்டு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் எண்ணாகக் கூறிவிடுவது வேறு செய்தி. அது பெரும்பாலும் ஊகமே.

இரத்த அழுத்தத்தை அளப்பதற்குக் கையைச் சுற்றிய பட்டையில் காற்றை நிரப்பி, இரத்தக் குழாயை அழுத்தி, பின் மெல்லத் தளர்த்த வேண்டும். மணிக்கட்டில் இதனை மெய்யாகவே செய்யும் கடிகாரங்கள் இல்லாமலில்லை. 2019-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓம்ரான் ஹார்ட்கைடு என்பதன் வாரிலேயே காற்றடைக்கும் பை இருந்தது. அதன் விலை 499 டாலர். ஒளியைக் கொண்டு அழுத்தத்தை மதிப்பிடும் சாம்சங் கடிகாரங்களையும், 28 நாளுக்கு ஒருமுறை கைப்பட்டைக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுமாறு அந்நிறுவனமே அறிவுறுத்துகின்றது. உயர்ந்த விலைக் கடிகாரத்திற்கே நிலை இதுவாயின், 1,799 ரூபாய்க் கடிகாரத்தைப் பற்றி நாம் என் சொல்வது!

சர்க்கரையைப் பற்றி இன்னும் தெளிவாகவே கூறலாம். தோலைத் துளைக்காமல் தாமாகவே இரத்தச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் ஒப்புதல் அளித்ததில்லை என்றும், அவற்றை நம்ப வேண்டா என்றும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் மக்களை எச்சரித்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர், பிழையான எண்ணைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டினால், சில மணி நேரத்திற்குள் உணர்விழக்க நேரிடலாம். ஆகவே இல்லத்தலைவியரே, "சர்க்கரை காட்டும்" என்று எழுதிய பெட்டியைக் கண்டால் அதையே ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். செய்ய முடியாததைச் செய்வதாகக் கூறும் வணிகர், செய்ய முடிந்ததையும் செவ்வனே செய்திருப்பார் என்பதற்கு உறுதி ஏது?

அப்படியாயின் மலிவான கடிகாரம் எதற்கும் பயனில்லையா? அவ்வாறன்று. அடிகளை எண்ணுவதில் அது பெரும்பாலும் உண்மையுள்ள ஊழியன். கை அசைவை உணரும் சிறு கருவி ஒன்று உள்ளிருந்து, நடையின் தாளத்தைக் கொண்டு அடிகளைக் கணக்கிடுகிறது. இடுப்பில் குடத்தை அணைத்துக்கொண்டு நடக்கும் பெண்ணின் அடிகள் சில விட்டுப்போகலாம்; மேடுபள்ளமான சாலையில் இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கு நடவாத அடிகள் சில சேரலாம். ஆயினும் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அது போதும். அமைதியாக அமர்ந்திருக்கும்போது நாடித்துடிப்பையும் ஓரளவு நன்றாகவே கூறும். கையை வீசி ஓடும்போது சற்றுத் தடுமாறும்.

உடல் எரித்த கலோரியைப் பற்றி அது கூறுவதை மட்டும் தள்ளிவையுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேரைக் கொண்டு ஏழு கருவிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், ஏழில் ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் அளந்தன. கலோரிக் கணக்கிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழை செய்தது. மிக மோசமானது 93 விழுக்காடு! "முந்நூறு கலோரி எரித்துவிட்டோம்" என்று கடிகாரம் கூறுவதை நம்பி இரண்டு வடையைக் கூடுதலாக உண்போர் இதை நினைவிற் கொள்வது நலம்.

உறக்கத்தில், படுத்த நேரமும் எழுந்த நேரமும் ஏறத்தாழச் சரியாகவே இருக்கும். "ஆழ்ந்த உறக்கம் ஒரு மணி பத்து நிமிடம்" என்பதோ கை அசைவையும் நாடியையும் கொண்டு செய்யும் கணிப்பு. உண்மையில் அதை அறிய மருத்துவமனையில் மூளையின் அலைகளைப் பதிவு செய்தாக வேண்டும். இரத்தத்தில் உயிர்வளியின் அளவைக் காட்டும் வசதியும் உண்டு. இம்முறையை 1970-களின் தொடக்கத்தில் வகுத்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. விரல்நுனியில் மாட்டும் மருத்துவமனைக் கருவிகளே கருநிறத் தோலில் சில வேளை உண்மையைவிட மிகுதியாகக் காட்டுகின்றன என்று 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்று எச்சரித்தது. மணிக்கட்டில் கட்டும் மலிவுக் கருவி அதனினும் நம்பத்தக்கதாய் இராது. மூச்சுத் திணறுபவரை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருப்பது அறிவுடைமையாகாது.

இனி, வாங்கும் முறையைப் பார்ப்போம். முதலில் கேட்கவேண்டியது "எந்தக் கம்பெனி?" என்பதன்று, "யாருக்கு, எதற்கு?" என்பதே. ஆசிரியரின் வீட்டையே எடுத்துக்கொள்வோம்.

ஆசிரியருக்குத் தேவையானது இரத்த அழுத்தத்தை அறிவது. அவருக்கு வேண்டியது கடிகாரமே அன்று. மேற்கையில் பட்டையைச் சுற்றி அளக்கும் வீட்டுக் கருவி. ஏறத்தாழ 2,000 ரூபாய்க்கு அது கிடைக்கிறது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஏட்டை மருத்துவரிடம் காட்டினால், மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ அவர் பொறுப்பு.

ஆசிரியரின் மகன் கூட்டுறவு வங்கியில் பணிபுரிபவர். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர். அவருக்கு அடிகளின் கணக்கும், நெடுநேரம் அமர்ந்திருந்தால் எழுப்பிவிடும் நினைவூட்டலும், வெயிலில் தெளிவாகத் தெரியும் திரையும் போதும். 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் நாய்ஸ், போட், ரெட்மி, ஃபாஸ்ட்ராக் எனப் பல பெயர்களில் இவை கிடைக்கின்றன. அமோலெட் எனப்படும் திரை வெளிச்சத்தில் எளிதாகப் படிக்கத்தக்கது, எல்.சி.டி. திரை விலை குறைந்தது. கடிகாரத்திலேயே தொலைபேசி பேசும் வசதி பலரைக் கவர்கின்றது. ஆயினும் அவ்வசதியைப் பயன்படுத்தினால், ஒரு வாரம் நிற்கும் எனப் பெட்டியில் எழுதிய பாட்டரி இரண்டு மூன்று நாளிலேயே இறங்கிவிடும். பேருந்தில் நின்றுகொண்டு மணிக்கட்டோடு பேசுவதால், குடும்பச் செய்தியை ஊரார் அனைவரும் கேட்பது வேறு!

மகளுக்குத் தேவை வேறு. ஓடிய தொலைவையும் வேகத்தையும் அவள் அறிய வேண்டும். இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மலிவான கடிகாரங்கள் பலவற்றில் "ஜி.பி.எஸ். உண்டு" என்றிருக்கும், அது கைப்பேசியின் ஜி.பி.எஸ்.-ஐ இரவல் வாங்குவதாகவே இருக்கும். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால் தொலைவு வெறும் ஊகமாகிவிடும். கடிகாரத்தினுள்ளேயே ஜி.பி.எஸ். பொருத்தப்பெற்றிருக்கிறதா என்று கேட்டு, அதற்குரிய கூடுதல் விலையை அவளுக்காகக் கொடுப்பதே முறை. தந்தைக்கு அது வீண்செலவு. மகளுக்கு அதுவே முதற்செலவு. ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று விடை.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள், தனித்து வாழும் தாய்க்கு ஆபத்தில் அழைக்கும் பொத்தானுள்ள கடிகாரத்தை வாங்கி அனுப்புகின்றனர். நல்லெண்ணம் போற்றத்தக்கது. ஆனால் சிம் அட்டை இல்லாத கடிகாரம், புளூடூத் வழியாகக் கைப்பேசியைக் கொண்டே அழைப்பை அனுப்பும். கைப்பேசி அடுக்களையிலும் அம்மா கொல்லைப்புறக் கிணற்றடியிலும் இருந்தால் அப்பொத்தானால் பயனில்லாது போகலாம். இதனை அம்மாவுக்கு எடுத்துச் சொல்லாமல் அனுப்பும் பரிசு, பொய்யான துணிவையே தரும்.

நீர்புகாமையைப் பற்றியும் ஒரு சொல். ஐ.பி.68 என்றிருந்தால் வியர்வைக்கும் மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை; நீந்துபவர் 5 ஏ.டி.எம். என்று குறித்திருப்பதைத் தேடட்டும். சோப்பும் வெந்நீரும் இரண்டிற்குமே ஆகா. அவை நீரைத் தடுக்கும் வளையத்தை நாளடைவில் கெடுத்துவிடும். வார் 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலமுள்ள பொது அளவாயிருப்பின், அறுந்தபோது எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். சார்ஜர் தொலைந்தால் தனியே கிடைக்குமா, பழுது நீக்கும் நிலையம் அருகில் உள்ளதா, ஓராண்டு உத்தரவாதம் எழுத்தில் உள்ளதா என்பவற்றைக் கேட்டறிந்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் பெட்டியிலோ கடிகாரத்திலோ இருக்க வேண்டும். அது மின்பாதுகாப்புக்கே சான்று. காட்டும் எண்கள் மெய் என்பதற்குச் சான்றன்று. அச்சிட்ட பெருவிலையை அடித்துக் காட்டும் தள்ளுபடியைக் கண்டு மயங்க வேண்டா. 6,999 என்பது எக்கடையிலும் எவரும் கொடாத விலையாயின், அதில் மிச்சமானது ஏதுமில்லை.

வாங்கிய முதல் வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கும் காலம் முடியுமுன், மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது, கடிகாரத்தின் அடிக்கணக்கைக் குறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியவாறே 200 அடி நடந்து, பின் ஒப்பிடுங்கள். பத்து அடி முன்பின் இருந்தால் குறையில்லை. இரண்டாவது, அமைதியாக அமர்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதும் நாடியை எண்ணி, கடிகாரம் காட்டுவதோடு ஒப்பிடுங்கள். கடிகாரம் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தளராமலும் இறுகாமலும் இருக்கட்டும். மூன்றாவது, முழுவதும் சார்ஜ் ஏற்றி, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்துமாறே பயன்படுத்தி, எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள். இம்மூன்றிலும் தேறினால் அது உங்கள் பணத்திற்குத் தகுந்த பொருளே. பள்ளிப் பிள்ளைகளிடமே இச்சோதனைகளை ஒப்படைக்கலாம். கணக்கும் அறிவியலும் ஒருங்கே கற்பார்கள்.

கைப்பேசியில் அதற்குரிய செயலியைப் பதிக்கும்போது, அது கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இசைந்துவிடாதீர்கள். நடையைக் கணக்கிட நம் தொலைபேசி முகவரிப் பட்டியல் எதற்கு? உடற்பயிற்சிச் செயலி ஒன்று வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களைக் கொண்டே படைமுகாம்களின் இருப்பிடம் வெளிப்பட்டுவிட்டதை 2018 ஜனவரியில் உலகம் கண்டது. தனியே ஓடும் பெண்பிள்ளைகளின் வழித்தடம் பிறர் பார்வைக்குத் திறந்திராதபடி பெற்றோர் பார்த்துக்கொள்வது கடமை.

இறுதியாக, நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்னும் இலக்கைப் பற்றி. பல கடிகாரங்களில் இது முன்னரே பதிந்திருக்கும். இது மருத்துவ ஆய்வில் பிறந்த எண் அன்று. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தை அடுத்து, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவிக்கு "பத்தாயிர அடி மானி" என்று இட்ட வணிகப் பெயரே அது. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, சராசரி வயது 72 ஆகவுள்ள 16,741 பெண்களை ஆராய்ந்தது. நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்குமேல் அந்நன்மை மேலும் வளரவில்லை. முழங்கால் வலியோடு பத்தாயிரத்தை எட்ட இயலாமல் மனம் தளரும் நம் பாட்டிமார்க்கு இது நற்செய்தியன்றோ! வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும் என்பதே 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு வகுத்த நெறி.

மற்றொரு வேண்டுகோளையும் சேர்த்துக்கொள்கிறோம். ஒவ்வொரு செய்திக்கும் மணிக்கட்டு அதிரும்படி விட்டுவைக்காதீர்கள். அழைப்பையும் இன்றியமையாத சிலவற்றையும் தவிர ஏனையவற்றை நிறுத்திவிடலாம். திருப்பலியின் நடுவே பீடத்திலிருந்து பார்க்கும்போது, முன்வரிசையில் ஐந்தாறு மணிக்கட்டுகள் ஒருங்கே ஒளிர்வதை நாம் காண்கிறோம். வீட்டுச் சாப்பாட்டு வேளையிலும் அவ்வாறே ஒளிர்கின்றன என்று தாய்மார் முறையிடுகின்றனர்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றனர் நம் முன்னோர். அளப்பது நன்று, ஆனால் அளக்கும் படியின் அடியில் ஓட்டையுண்டா என்று பார்த்துவிட்டே அளக்க வேண்டும்.

சென்ற ஞாயிறன்று ஆசிரியர் தனியாகவே கோவிலுக்கு நடந்து வந்தார். மாத்திரையைத் தவறாது உட்கொள்கிறாராம். சட்டைப்பையிலிருந்து சிறிய ஏடொன்றை எடுத்துக் காட்டினார்; காலை மாலை அழுத்தக் கணக்கு அவருடைய அழகிய கையெழுத்தில் வரிசையாக இருந்தது; மருத்துவர் அதில் ஒப்பமிட்டிருந்தார். மணிக்கட்டில் பேரனின் கடிகாரமும் இருந்தது. நாம் அதையே பார்ப்பதைக் கண்டு, "முதல் சம்பளத்துப் பரிசு, சாமி, கழற்ற மனமில்லை. இப்போது மணி பார்க்கவும் அடி எண்ணவும் மட்டுந்தான் வைத்திருக்கிறேன்" என்றார். அப்போது கோவில் மணி ஒலித்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "மணி சரியாகத்தான் காட்டுகிறது" என்று கூறிச் சிரித்தவாறே உள்ளே சென்றார்.